என் பெயரைச் சொல்லிச் செய்த ஜெபம்

சாமுவேல் கண்ணை மூடிக்கொண்டுதான் அதைச் சொன்னார். கூடத்தில் இருந்த எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். நான் மட்டும் மூடவில்லை. அந்தப் பழக்கம் அப்போது எனக்கு இல்லை. அதனால் யாருடைய முகத்தில் என்ன நடந்தது என்பதை முழுதாகப் பார்க்க நேர்ந்தது.

“ஆண்டவரே, எங்க கிடங்கு ரைட்டர் வேங்கடேசன் இன்னிக்கு மொத மொதலா வந்து கதவாண்ட உக்காந்துகினு இருக்கார். நல்ல மனுஷன். அவர் சம்சாரம் அலமேலு அம்மா நாட்றம்பள்ளியில அப்பா வீட்டுல இருக்காங்க. பிரசவத்துக்குப் போனவங்க, கொழந்த தவழ ஆரம்பிச்சும் வரல. இவர் மேல தோல் வாசன அடிக்குதுன்னு வர மாட்டேங்கறாங்க. அந்த அம்மா மனச மாத்தும், ஆண்டவரே.”

“ஆமென்” என்றது கூடம்.

அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் தோலை ஊறவைப்பவர்கள், சுண்ணாம்புக் குழியில் இறங்கி மிதிப்பவர்கள், தோலில் ஒட்டிய சதையைச் சீவுபவர்கள். என் மேல் இருந்த வாசனை அவர்களிடமிருந்து எனக்கு ஒட்டியது என்றுகூடச் சொல்லலாம். நான் கிடங்கில் உட்கார்ந்து எடை எழுதுகிறவன். அவர்கள் அந்தக் குழிக்குள்ளேயே நிற்பவர்கள்.

எனக்கு முன்னால் யோபு உட்கார்ந்திருந்தார். சதை சீவுகிறவர், பெரிய கை. ஜெபம் முடியுமுன் அவர் தன் வலது கையை மெதுவாகத் தூக்கி மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பிறகு அதைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

எழுந்து போய்விடலாம் என்றால், எனக்கும் வாசலுக்கும் நடுவில் எல்லோருடைய செருப்பும் குவிந்து கிடந்தது.

வெள்ளிக்கிழமைக்காரர்கள்

தொடர்வதற்கு முன் ஒரு திருத்தம். சென்ற வாரம் இந்தப் பகுதியில், தோல் பதனிட உதவும் ஆவாரம்பட்டை ஜவ்வாது மலையிலிருந்து வண்டியில் வந்தது என்று எழுதியிருந்தேன். ஆவாரை மலைமேல் வளர்வதில்லை, அடிவாரத்துத் தரிசிலும் வயலோரத்திலும்தான் வளரும் என்று திருப்பத்தூர் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் சொல்வதே சரி. தவறு என்னுடையது.

அந்தக் காலத்து ஆம்பூர்த் தோல் கிடங்குகளைப் பற்றித் தெரியாதவர்களுக்கு வெள்ளிக்கிழமை ஆராதனை வினோதமாக இருக்கும். முதலாளிகள் முஸ்லிம்கள். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை. அன்று கிடங்குக்கு விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை வழக்கமான வேலை நாள். ஆகவே தோலில் வேலை செய்த கிறிஸ்தவர்கள் ஒரு பள்ளிக்கூடத்துக் கூடத்தில் வெள்ளிக்கிழமை காலை கூடினார்கள். உபதேசியார் ஒருவர் வந்து நடத்துவார். ஞாயிற்றுக்கிழமை டவுன் கோயிலுக்குப் போனவர்கள் வாத்தியார்களும் ஆஸ்பத்திரி உத்தியோகஸ்தர்களும்.

டவுன்காரர்கள் இவர்களைச் சற்றுக் கேலியாகத்தான் பேசுவார்கள். சாமுவேல் அதற்கு ஒரு பதில் வைத்திருந்தார்.

“ஞாயித்துக்கெழம ஆண்டவருக்கு டவுன்ல ஜாஸ்தி வேல. வெள்ளிக்கெழம அவர் சும்மாதான் இருக்கார். நம்மகூட நின்னு பேசறார்.”

தராசுப் பேச்சு

சாமுவேலை இன்னும் சரியாக அறிமுகம் செய்யவில்லை. பட்டைக் கிடங்கில் பெரிய தராசு ஒன்று உத்தரத்திலிருந்து தொங்கும். பட்டைக் கட்டைத் தூக்கித் தட்டில் வைப்பது அவர் வேலை. முள் நின்றதும் எடையை எழுதுவது என் வேலை. என்னைவிட மூத்தவர். இருந்தும் நான் அவரை “நீ” என்றேன். அவர் என்னை “நீங்க” என்றார். எங்கள் குடும்பத்தில் தோலைத் தொட்டவர் கிடையாது. அவருடைய தகப்பனும் பாட்டனும் தோலில் வேலை செய்தவர்கள். யார் யாரை எப்படி அழைப்பது என்பதை அதுதான் முடிவு செய்தது. இன்று அவரை மரியாதையாக எழுதுகிற கை அன்று அப்படிப் பேசிய வாயோடு சேர்ந்ததுதான்.

அவருக்குப் பிரசங்கம் செய்யத் தெரியாது. ஆனால் எந்தப் பேச்சையும் இயேசுவிடம் கொண்டுபோய் நிறுத்திவிடுவார். ஒரு நாள் பட்டை இறக்கிய வண்டிக்காரரிடம், “அண்ணே, செத்தா எங்க போவே, யோசிச்சியா?” என்று கேட்டார்.

வண்டிக்காரர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே, “மொதல்ல வாணியம்பாடி போய்ச் சேர்றேன்யா. மத்தத அப்பால பாக்கலாம்” என்றார்.

மேஸ்திரி காதர் பாயையும் அவர் விட்டதில்லை.

“ஈசா நபி எங்களுக்கும் பெரியவர்தான்டா. எனக்கே பாடமா?” என்பார் பாய்.

“உங்களுக்குத் தெரிஞ்சது கம்மி, பாய்.”

“உனக்குத் தெரிஞ்சது ஜாஸ்தி, வேலதான் கம்மி. கட்டத் தூக்கு.”

இருவரும் சிரிப்பார்கள். ஒருவர் மேல் ஒருவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை.

தொலைந்துபோன ஆட்டை மேய்ப்பன் தேடிப்போன கதையை எனக்குச் சொன்னது சாமுவேல்தான். கதை முடிந்ததும் தட்டில் ஒரு கட்டைப் போட்டுவிட்டு, “அந்தாளு மட்டும் தேடிப் போகலன்னா அது நேரா நம்ம கிடங்குக்குத்தான் வந்திருக்கும், ரைட்டரே” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அன்றிரவு அந்த ஆட்டை நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதும் உண்மை.

என்னிடம் அவர் வாதாடவில்லை. வீட்டு விஷயம் விசாரிப்பார். சாப்பாட்டு நேரத்தில் தூக்குச் சட்டியைத் திறக்குமுன் கண்ணை மூடி ஜெபிப்பார். யாருக்கு என்ன தேவையோ அதைப் பெயர், ஊர், நோய் எல்லாம் சேர்த்துச் சொல்வார். ஒரு வண்டிக்காரரின் நொண்டி மாட்டுக்குக்கூட, எந்தக் கால் என்று சொல்லி ஜெபித்தவர்.

நான் சொன்ன காரணம்

மழை பெய்து வண்டி எதுவும் வராத ஒரு நாள். பட்டைக் கட்டுகளின் மேல் உட்கார்ந்திருந்தோம். நனைந்த பட்டையிலிருந்து துவர்ப்பான ஒரு நெடி எழுந்து தொண்டையில் நின்றது.

“அம்மா எப்ப வர்றாங்க, ரைட்டரே?” என்றார்.

மற்றவர்களிடம் குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவந்தேன். அவர் கேட்ட விதத்தில் அந்தப் பொய் வரவில்லை. அதற்குப் பதில் இன்னொன்று வந்தது.

“வர மாட்டா. என் மேல தோல் நாத்தம் அடிக்குதாம்.”

அவர் முகம் மாறவில்லை. “பாவம் அந்த அம்மா. புதுசா வர்றவங்களுக்கு அப்படித்தான் இருக்கும்” என்றார். பிறகு, “வெள்ளிக்கெழம கூட்டத்துக்கு வாங்களேன். ஆண்டவர்கிட்ட சொல்லலாம்” என்றார்.

நடந்தது வேறு. அதை இங்கே உள்ளபடி எழுதுகிறேன்.

பெண் பார்க்கப் போனபோது நான் ஆம்பூரில் ஒரு துணிக்கடையில் இருந்தேன். கல்யாணத்துக்குள் அந்தக் கடையை மூடிவிட்டார்கள். நான் தோல் கிடங்குக்கு வந்துவிட்டேன். மாமனாரிடம் சொல்லவில்லை. நாட்றம்பள்ளியில் மளிகைக்கடை வைத்திருந்த அவர், மருமகன் துணிக்கடையில் இருப்பதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அலமேலு ஆம்பூருக்கு வந்த சில நாளிலேயே தெரிந்துகொண்டாள். வாசனையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. வெந்நீர் போட்டு, சீயக்காய் எடுத்து வைத்து, “வேல வேலதானே” என்றாள். அவ்வளவுதான்.

ஆனால் மாமனார் விடவில்லை. இளைய மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை கடையிலிருந்தே சேலை எடுக்க வேண்டும் என்றார். நான் வேறொரு கடையில் எடுத்து, எங்கள் கடைச் சரக்கு என்று கொடுத்தேன். கல்யாணப் பந்தலில் அந்தச் சேலைகளைப் பற்றிக் கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியவள் அலமேலு. என் பொய்யை அவள் சுமந்து திரிந்தாள்.

பிரசவத்துக்குப் புறப்பட்ட அன்று சொன்னாள்: “எங்கப்பாகிட்ட நீங்களே வந்து சொல்லுங்க. சொன்ன அன்னிக்கே வண்டி ஏர்றேன். அதுவரைக்கும் நான் வரமாட்டேன்.”

நான் போகவில்லை. மாமனார் கடையில் நின்று “தோல்” என்ற சொல்லைச் சொல்வதை நினைத்ததும் பயணத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போடுவேன். வாசனை என்று சாமுவேலிடம் சொன்னேனே, அது வாசனையைப் பற்றிய பேச்சு மட்டும் இல்லை. தோல் வேலை கேவலம், அதைச் செய்கிறவர்கள் கேவலம் என்ற என் எண்ணத்தை அலமேலுவின் மேல் ஏற்றிச் சொன்னேன். அதையும் அந்த வேலையிலேயே பிறந்து வளர்ந்தவரிடம் சொன்னேன்.

சனிக்கிழமை

ஜெபத்துக்கு மறுநாள் தராசடியில் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

“என் வீட்டு விஷயத்த ஊருக்கே சொல்லிட்டியே?”

“ஊருக்கா? ஆண்டவர்கிட்டதானே சொன்னேன்.”

“கூடத்துல அத்தன பேர் இருந்தாங்களே!”

“அவங்களும் அவர்கிட்டதானே சொன்னாங்க” என்றார், நான் எதற்குக் கோபப்படுகிறேன் என்றே புரியாமல்.

அவருக்குக் கடைசிவரை அது புரியவில்லை. நோயாளியின் பெயரைச் சொல்லாமல் வைத்தியரிடம் மருந்து கேட்பதுண்டா என்பது அவர் நியாயம்.

அதற்குள் விஷயம் கிடங்கு முழுவதும் பரவிவிட்டது. காதர் பாய் ஒரு சின்ன அத்தர் புட்டியை என் மேஜைமேல் வைத்தார். “மாமனார் ஊருக்குப் போறப்ப பூசிக்கோ, ரைட்டர் சாப். பேஜாரே வராது” என்று கண்ணடித்தார். சாமுவேலின் மனைவி எஸ்தர் வெட்டிவேர் போட்டு இடித்த சீயக்காய்ப் பொடி அனுப்பினார். எலுமிச்சைத் தோலைத் தேய்த்துக் குளிக்கும்படி சுண்ணாம்புக் குழிக்காரர் ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார். சொன்னவரின் விரல்கள் சுண்ணாம்பில் வெந்து தோலுரிந்திருந்தன.

யாராவது சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

தள்ளி உட்கார்ந்தவர்கள்

அடுத்த வெள்ளிக்கிழமையும் போனேன். போகாவிட்டால் இன்னும் பேசுவார்கள் என்ற பயம் ஒரு காரணம். இன்னொரு காரணம், சாமுவேல் என் வீட்டு வாசலில் வந்து நின்றுவிட்டார்.

உட்கார்ந்த சிறிது நேரத்தில் ஒன்றைக் கவனித்தேன். பாயில் என்னைச் சுற்றி இடம் விட்டிருந்தார்கள். முதலில் என்மேல் வருத்தமோ என்று நினைத்தேன். யோபு சுவரோரமாக, வெகு தள்ளி உட்கார்ந்திருந்தார். குளித்துவிட்டு நேராக வந்தவர்போலத் தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

அப்போது ஒரு பெண் குழந்தை தத்தித் தத்தி என் பக்கம் வந்து என் தோளைப் பிடிக்கப் பார்த்தது. அதன் தாய் பாய்ந்து வந்து இழுத்துக்கொண்டாள்.

“அவர் மேல படாத கண்ணு, வாசன ஒட்டிக்கும். அப்புறம் அந்தம்மா வரமாட்டாங்க.”

குழந்தையின் வாசனை என்மேல் ஒட்டிவிடும் என்று சொன்னாள். என் வீடு சேரட்டும் என்பதற்காக அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் தங்களைத் தாங்களே தீட்டாக்கிக்கொண்டு தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். நான் சொன்ன ஒரு பொய்யை நம்பி.

பிறகு ஜெபம். ஒரு அம்மாள் கண்ணீரோடு, “அந்தப் பொண்ணுக்கு அருவருப்பு நீங்கணும், ஆண்டவரே” என்று வேண்டினாள். வெந்நீர் போட்டு வைத்தவளுக்காக. சின்னத் தப்பைக்கூடத் திருத்தாமல் தூங்கப் போகாதவன் நான். அன்று தப்பான விஷயத்துக்காக ஒரு கூட்டமே முழங்காலில் நின்றது. அதை நான் திருத்தவில்லை.

அப்படியே இன்னும் சில வெள்ளிக்கிழமைகள் போயின.

எழுந்து நின்றது

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பாட்டு முடிந்ததும் உபதேசியார், “சாட்சி சொல்றவங்க சொல்லலாம்” என்பார். அந்த வாரம் யாரிடம் என்ன பேசினோம், என்ன நன்மை பெற்றோம் என்று ஒவ்வொருவராக எழுந்து சொல்வார்கள். ஒரு வெள்ளிக்கிழமை யாரும் எழுந்திருக்குமுன் நான் எழுந்துவிட்டேன். ஏன் அன்று என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. யோபுவின் தலையில் அன்றும் ஈரம் காயவில்லை.

“எனக்கு சாட்சி சொல்லத் தெரியாது. நீங்க எனக்காக ஜெபிக்கறது தப்பு. அதாவது, காரணம் தப்பு. அவ வாசனைக்காகப் போகல. நான் தோல் கிடங்குல இருக்கறத மாமனார்கிட்ட மறைச்சேன். அதச் சொல்லுன்னா. சொல்ல வெக்கப்பட்டேன். சாமுவேலுகிட்டயும் மாத்திச் சொன்னேன்.”

சாமுவேல் என்னைப் பார்க்கவில்லை. பாயில் ஒரு கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

யோபுதான் கேட்டார். “அப்ப எங்க மேல வாசன இல்லியா?”

“இருக்குது. என் மேலயும் இருக்குது. அவ அதச் சொல்லவே இல்ல.”

“அப்ப வெக்கம் உங்களுக்குத்தான்.”

“ஆமா.”

“எங்களப் பத்தி.”

அதற்கு ‘ஆமா’ என்று சொல்ல எனக்கு நேரம் பிடித்தது. சொன்னேன்.

உபதேசியார் கனைத்துக்கொண்டார். “சரி. இப்ப இன்னான்னு ஜெபிக்கலாம், ரைட்டரே?”

சாமுவேல் தலை நிமிர்ந்து, வழக்கம்போலக் கண்ணை மூடத் தொடங்கினார். பெண்கள் பக்கத்திலிருந்து எஸ்தரின் குரல் கேட்டது.

“ஜெபம் இருக்கட்டும். ரயில் இருக்குதில்ல? இன்னிக்கு லீவுதானே? போய்ச் சொல்லச் சொல்லுங்க.”

மளிகைக்கடை

வாணியம்பாடியில் இறங்கி, ஜட்கா வண்டி பிடித்து நாட்றம்பள்ளி போய்ச் சேரும்போது வெயில் தணிந்திருந்தது. மாமனார் கடையில் இருந்தார். ஒருவர் புளி வாங்க நின்றிருந்தார். இன்னும் இரண்டு பேர் பேச்சுக்காக உட்கார்ந்திருந்தார்கள்.

“வாங்க மாப்ள! தீபாவளிச் சரக்கு எறங்கிடுச்சா?” என்றவர், மற்றவர்கள் பக்கம் திரும்பி, “ஆம்பூர்ல பெரிய துணிக்கட” என்றார்.

உள்ளே போய்த் தனியாகச் சொல்லலாம் என்று ஒரு நினைவு வந்தது. உள்ளே போனால் சொல்லமாட்டேன் என்பதும் தெரிந்தது.

“மாமா, நான் துணிக்கடையில இல்ல. தோல் கிடங்குல இருக்கேன். பட்டை எடை எழுதறேன். கல்யாணத்துக்கு முன்னயிருந்தே.”

அவர் கையில் புளி இருந்தது. அதைத் தட்டில் போடவும் இல்லை, கூடையில் வைக்கவும் இல்லை.

“தோலா?”

“ஆமா.”

“அலமேலுக்கு?”

“தெரியும். உங்ககிட்ட சொல்லச் சொன்னதே அவதான்.”

புளி வாங்க வந்தவரிடம், “நாளைக்கு வாப்பா” என்றார். உட்கார்ந்திருந்தவர்கள் தாமாகவே எழுந்து போனார்கள். அவர் ஒவ்வொரு பலகையாக எடுத்துக் கடையை மூடினார். கடைசிப் பலகையை வைக்கும்வரை என்னைப் பார்க்கவில்லை. அதன்பின் அவர் உயிரோடு இருந்த காலம் முழுவதும் என் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை; தோலைப் பற்றி அவர் நினைத்ததைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு அலமேலு வந்தாள். இடுப்பில் குழந்தை, கையில் துணி மூட்டை. உள்ளே மாமியார் அழும் சத்தம் கேட்டது.

“ஜட்காவ அனுப்பிட்டீங்களா, நிக்குதா?” என்று கேட்டாள்.

நின்றது.

ஜட்கா ஊர் எல்லையைத் தாண்டியது. குழந்தை என்னை அடையாளம் தெரியாமல் முறைத்துப் பார்த்தது. பிறகு நான் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்: மழை நாள், சாமுவேல், முதல் ஜெபம், அத்தர், சீயக்காய், தள்ளி உட்கார்ந்தவர்கள், இன்று காலை எஸ்தர் சொன்னது.

நான் சொன்னதில் அவள் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

“வாசனைன்னு சொன்னது நீங்களா, அந்தாளா?”

“நான்.”

“எம் பேரச் சொல்லியா ஜெபம் பண்ணாங்க?”

“ஆமா.”

“அத்தன வாரமும்?”

“ஆமா.”

அவள் காதுகள் சிவந்துவிட்டன. “அப்ப அத்தன பேரும் என்ன இன்னான்னு நெனச்சிருப்பாங்க?”

அவ்வளவு நாளும் என் மானத்தைப் பற்றி நினைத்தேன். யோபுவின் கையைப் பற்றி நினைத்தேன். மாமனார் முகத்தைப் பற்றி நினைத்தேன். இந்தக் கேள்வி மட்டும் எனக்கு ஒருமுறைகூடத் தோன்றியதில்லை. குதிரையின் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவள் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

“வெள்ளிக்கெழம எத்தன மணிக்குக் கூடுவாங்க?”

“காலையில எட்டு மணிக்கு. எதுக்கு?”

“நானும் வர்றேன். நான் யாருன்னு அவங்க பாக்கணும்.”